நாலு தடம் போட்ட கார்

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். பழத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. தன்னால் முடிந்த அளவுக்கு அது என்னிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தது. கேட்காதவன் நான்.

நான் மூன்றாம் வகுப்புவரை போனவன். (பாஸா என்று கேட்காதீர்கள்.) சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின அல்லவா, அப்படி ஒரு பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். காலையில் வண்டி கிளம்பும் முன்னால் அடுப்புக்கு விசிறி சுற்றுவது என் வேலை. இரண்டு வருஷம் சுற்றியதில் வலது கை பெருத்தது. அறிவு பழைய அளவிலேயே இருந்தது. இரண்டும் சேர்ந்து பெருத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில்தான் சொந்தமாக ஒரு கார் வாங்கி, பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிறுத்தி, பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்று கிளம்பினேன். அப்பா விட்டுப்போன ஜோடி மாடும் வண்டியும் கைமாறின. மாட்டை ஓட்டிக்கொண்டு போன அன்று என் வீட்டுக்காரி பழனியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, மாடுன்னா பல்லப் புடிச்சிப் பாத்து வாங்குவாங்க. காருன்னா எதப் புடிச்சிப் பாப்பாங்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "காருக்கு ஏதுடி பல்லு?" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். அதற்குப் பிறகு காரைப்பற்றி இவ்வளவு புத்தியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சேலத்தில் ஒரு தரகர் காட்டினார். கறுப்புக் கார். துணிக் கூரை. முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மினுமினுப்பு. (வாரினேன்.) புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. பழைய காருக்கு எதற்குப் புதுப் பெயிண்ட் என்று கேட்க வேண்டிய இடத்தில், "வாசனையே புது வண்டி மாதிரி இருக்குதுங்க" என்று தரகரைப் பாராட்டினேன்.

"ஒரே கை ஓட்டுன வண்டி தம்பி. ஒரு பெரிய மனுசரு வச்சிருந்தாரு. ஆஸ்பத்திரியில தர்மகர்த்தா மாதிரி. வூட்ட விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய விட்டா வூடு" என்றார்.

அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனது நிஜம்தான். எப்படிப் போனார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

முன்மூடியைத் திறந்து காட்டினார். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவன் மாதிரி குனிந்து பார்த்தேன். ஏதோ ஒன்றைத் தொட்டேன். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு "நல்லா இருக்குது" என்றேன். பிறகு தார் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினார். அது பெரிய டிரைவர்களின் ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டு, ஊர் வரைக்கும் நானும் அதே ஸ்டைலில் ஓட்டி வந்தேன்.

ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் பூசை. முன் சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். நான் மாலை போட்டுக்கொண்டு காரை நகர்த்தினேன். ஊரே காரைப் பார்த்தது. பழனியம்மா மட்டும் தரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, முன் சக்கரம் பழத்த நசுக்கிச்சு. பின் சக்கரம் அதுமேல ஏறவே இல்லீங்களே. நாலு வெரல் தள்ளிப் போவுது."

"உனக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்? போயி சூடத்தப் பாரு."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவள் சூடத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு ஆறு மாசம் ஓட்டினேன். எதிரே வரும் மாட்டுவண்டிக்காரர்கள் என்னைக் கண்டதும் வயலுக்குள் இறங்கினார்கள். மரியாதை என்று நினைத்தேன். என் காரின் மூக்கு ஒரு பக்கமும் போக்கு ஒரு பக்கமுமாக இருந்ததால், நான் யார்மேல் வந்து ஏறப்போகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் விஷயம்.

அந்தச் சமயத்தில் பழனியம்மாவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மாமனார் வீடு பாப்பிரெட்டிப்பட்டி. மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து ரயிலில் பொம்மிடி வந்து இறங்குவார்கள். ஜோடிக் குதிரை சாரட்டு ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்று மாமனார் இருந்தார். அவர் எதிரே பேசிப் பழக்கமில்லாத பழனியம்மா அன்றைக்கு வாய் திறந்தாள்.

"சாரட்டு எதுக்குங்கப்பா? எங்க வூட்டுக்காரரு காருல கூட்டியாருவாரு. நான் சொல்றேன்."

மாமனார் ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். "உம் பேச்ச நம்பறேன் புள்ள" என்றார். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை பேச்சில் ஒரு காரியம் முடிவானது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது காரில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் தெரியுமா? கலெக்டர் சம்சாரம்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரயில் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் காரில் ஏறினார்கள். தாய்மாமன் தொப்பூர்க்காரர், புளி வியாபாரம், சொந்தமாக நாலு ஜோடி மாடு வைத்திருப்பவர். மற்றவர்கள் பின்னால் மாட்டுவண்டிகளில் வந்தார்கள். முதல் வண்டியில் கல்யாணச் சமையலுக்கு பொம்மிடிச் சந்தையில் வாங்கிய பூசணிக்காய்.

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தி, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தாய்மாமன் காலை நீட்ட இறங்கிப் பின்பக்கம் போனார்.

"தம்பி, நமக்கு முன்னால வேற காரு ஏதாச்சும் போச்சுங்களா?"

"இந்த ரோட்டுல நம்ம காரு ஒண்ணுதானுங்க மாமா" என்றேன் பெருமையாக.

"அப்ப இது யாரு தடம்? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

போய்ப் பார்த்தேன். ஈரமண்ணில் சுத்தமாக நாலு கோடு. முன் சக்கரம் இரண்டும் ஒரு ஜோடித் தடம். பின் சக்கரம் இரண்டும் நாலு விரல் தள்ளி வேறு ஒரு ஜோடி. எனக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

மாமா மாடு வாங்கிப் பழகிய மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டார். "அடிச்சட்டமே கோணிக்கிட்டு நிக்குது. ஒடஞ்ச எடத்துல கட்டவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவ வச்சி முடுக்கியிருக்கான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே வந்தவர் இடப்பக்கக் கதவைத் தடவினார். பெயிண்டுக்கு அடியில் ஒரு குழி விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர் முகம் மலர்ந்தது. தொலைந்த மாடு கிடைத்த மாதிரி.

"அட! நம்ம புளியமரத்து வண்டி! இந்தக் குழி என் கடப்பார குத்துனதுதான். தொப்பூர்க் கணவாய்ல உருண்டு மரத்துல மாட்டிக்கிட்டு நின்னுது. என் நாலு ஜோடி மாட்டயும் பூட்டி நான்தான் இழுத்தேன்!"

மாப்பிள்ளையின் அம்மா காருக்குள்ளிருந்து, "உள்ள இருந்தவங்க?" என்றார்.

"சாவலக்கா, பயப்படாத. ஒரு காலுதான் போச்சு. கதவ நெம்பி ஆஸ்பத்திரிக்குக் கட்டில்ல தூக்கிக்கிட்டுப் போனோம்."

(ஆறுதல் சொல்கிறாராம்.)

"காலு போன வண்டியிலயா எம் பையன உக்கார வச்சீங்க?" என்று அந்த அம்மாள் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டன. மாப்பிள்ளை அன்று முழுக்கப் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "நான் எறங்கிக்கிறேங்க" என்றார். தன் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கினார். பூசணிக்காய் வண்டியில் ஏறிக் காய்களுக்கு நடுவே உட்கார்ந்தார். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ரோடு குறுகல். கார் ஒதுங்கி வண்டிகளுக்கு வழிவிட இடமில்லை. ஆகவே மாப்பிள்ளை இல்லாத மாப்பிள்ளைக் காரை நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போனேன்.

ஊர் எல்லையில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். காரைக் கண்டதும் வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது நான்தான். கண்டார்கள். வாசித்தார்கள். வெடி போட்டார்கள். பெண்கள் காருக்குள் பூவை வாரி இறைத்தார்கள். மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் உள்ளே பார்த்தார். தலையெல்லாம் பூவோடு நான் ஒருத்தன் உட்கார்ந்திருந்தேன்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. மாமனார் வந்தார்.

"மாப்பிள்ள எங்க?"

"பின்னால... பூசணிக்காயோட வராருங்க மாமா."

வண்டி வந்தது. மாப்பிள்ளை இறங்கினார். அவருடைய அம்மா இறங்காமல் வண்டியில் இருந்தபடியே நடந்ததையெல்லாம் ஊருக்கு அறிவித்தார். "இந்தச் சம்பந்தமே யோசிக்கணும்" என்று முடித்தார். மாமனார் என்னைத் திட்டவில்லை. மருமகன், திட்டக்கூடாது. மகளிடம் திரும்பினார்.

"உம் பேச்ச நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும். இனிமே இந்த வூட்டுக் காரியத்துல நீ வாயத் தொறக்காத."

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பழனியம்மா தலை குனிந்தாள். நான் ஓடிப்போய், "அவ பூசையன்னிக்கே சொன்னா, நான்தான் கேக்கல" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் படிப்பு எதுவும் வேண்டாம். நான் தலையிலிருந்த பூவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

குனிந்தவள் தரையைப் பார்த்தாள். அங்கேயும் நாலு தடம். நிமிர்ந்து, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு ஏமாந்துட்டாருன்னு நெனைக்காதீங்கத்தே. தடத்த எண்ணிப் பாருங்க. ஒரு காருக்குக் குடுத்துட்டு ரெண்டு காரு ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு."

முதலில் தொப்பூர் மாமா வெடித்துச் சிரித்தார். மேளக்காரர் சிரித்தார். கடைசியில் அந்த அம்மாளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கோபமாக வண்டியில் உட்கார்ந்திருக்க முடியுமா? சிரித்துக்கொண்டே இறங்கினார். கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீடு 'ரெண்டு காரு வூடு'. எந்த விசேஷத்திலும் யாராவது ஒருத்தர் இந்தக் கதையை எடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமனாரும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு காரியத்துக்குக்கூட மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுடைய வேடிக்கையை எடுத்துக்கொண்டார்கள், பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம், "பழம் அன்னிக்கே சொல்லுச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் பதிலுக்கு, "ஆமா, நீதான் பெரிய மெக்கானிக்கு" என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்கப்போவதில்லை. அந்தக் காரை வேறு எவன் தலையிலாவது கட்டிவிட நினைத்து, கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் டப்பா காலி. கதவு, ஜன்னல், மாட்டுக் கொட்டகைத் தூண் எல்லாம் பளபளவென்று கறுப்பு. "மிச்சமானத எருமைக்கு அடிக்கலாம்னு பாத்தேன், அது ஏற்கெனவே கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றாள்.

போன ஐப்பசியில் மலைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். பழனியம்மா போய்விட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. துக்கம் கேட்க வந்த தொப்பூர் மாமா, என்னைத் தேற்றுவதற்காக, "அந்தப் புள்ள அன்னிக்கு என்னா சொல்லுச்சு, ஒரு காருக்குக் குடுத்துட்டு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கதை அப்படி நின்றதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். மாமனார் கறுப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்க ஆளில்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் மழைக்குப் பிறகு பொம்மிடி ரோட்டில், வழக்கம்போலத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியிருந்தேன். பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வெளியூர்க்காரர், என்னைத் தெரியாது.

"ஏனுங்க, தடத்தப் பாத்து முன்னால ரெண்டு காரு போவுதுன்னு ஓரமாவே ஓட்டியாந்தேன். இன்னொண்ணக் காணோமே?"

"அது முன்னாடியே போயிடுச்சுங்க" என்றேன்.

"ரொம்ப வேகமா ஓட்டறவங்களோ?"

"இல்லீங்க. தரையப் பாத்து ஓட்டறவங்க."