பின்சக்கரத்துக்கு ஒரு நிபுணர் குழு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியமே அல்ல. அதற்கு எந்த டயர் போடுவது என்று உட்கார்ந்து யோசிக்க ஐந்து பேரைக் கண்டுபிடித்ததுதான் பெரிய காரியம். அந்த ஐவரும் நாரின் என்ற எங்கள் மலையூரின் பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தில் இருக்கிறார்கள். கழகச் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்: அவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் மருத்துவச்சி புருல்சாவிடம் பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டி வைத்த நாற்பது வயது மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. மூன்று சக்கரமும் ஒரே அளவு. எதையும் எங்கேயும் மாட்டலாம். கோடையில் கணவாய்க்கு அப்பால் மேய்ச்சல் வெளியில் கூடாரம் போட்டிருப்பவர்களுக்குப் பிரசவம் என்றால் அதில்தான் போவாள். இந்த வருஷம் பின்டயர் நூல் தெரியத் தேய்ந்துவிட்டது. மேலே கூடாரத்தில் இருக்கும் நூர்சாத் என்ற பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது. "எந்த டயர் வாங்கலாம்ணே?" என்று எங்கள் தலைவர் மம்பெதாலியிடம் கேட்டுவிட்டாள், பாவம்.

தலைவர் உடனே "பின்சக்கர நிபுணர் குழு" அமைத்தார். ஞாயிறு காலை, கால்நடைச் சந்தை கூடும் நேரத்தில், ஐவரும் அவள் வீட்டுக்குக் "கள ஆய்வு"க்குப் போனோம். "மாதிரி டயர்" காட்டுவதற்காகத் தலைவர் அதே ரகத்தைச் சேர்ந்த தம் வண்டியையும் கொண்டுவந்தார், லாரியில்! புது டயரின் ரப்பர் முடி ஒன்றுகூட உதிரக் கூடாது என்று மூன்று வருஷமாக அதை அவர் ஓட்டுவதே இல்லை. இதல்லவா பக்தி!

மூத்தவர்கள் ஐவர் வந்து கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆடு அறுத்தாக வேண்டும். அறுக்காவிட்டால் ஊர் சிரிக்கும். கயிறும் கையுமாகக் கிளம்ப நின்ற புருல்சா, தன் ஒரே கிடாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு எசெனைக் கூப்பிட்டாள்.

தேநீரோடு ஆய்வு தொடங்கியது.

"கட்டை கட்டையாப் பல்லு வச்ச டயர்தான் சேத்துக்கு நல்லது" என்றார் குழுவில் ஒருவரான ஷெர்காஜி.

"யோவ், தார் ரோட்ல அது பேய் மாதிரி கத்தும்யா" என்றார் தலைவர்.

"கணவாய்ல ஏதுய்யா தார் ரோடு?"

"நாளைக்கே போட்டுட்டான்னா?"

இந்தத் தொலைநோக்கில் நான் நெகிழ்ந்துபோனேன்.

கறி வந்தது. ஆட்டுத் தலை வழக்கப்படி தலைவருக்கு. இடுப்பெலும்பு அடுத்த மூத்தவருக்கு. அவர் யார் என்று முடிவாக ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை டயர் ஒத்திவைக்கப்பட்டது.

புருல்சா கைபேசியோடு ஓடி வந்தாள். "நூர்சாத்துக்கு வலி எடுத்திருச்சாம்! சீக்கிரம் சொல்லுங்கண்ணே, எந்த டயரு?"

"அவசரத்துல முடிவு பண்ணக் கூடாது தங்கச்சி. கொஞ்சம் சூப்பு கொண்டா" என்றார் தலைவர்.

போனவள் சூப்போடு வரவில்லை. முற்றத்தில் ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வண்டி கிளம்பும் சத்தம். நாங்கள் எழுந்திருக்கவில்லை. வாய் நிறையக் கறியோடு எப்படி எழுந்திருப்பது?

மாலையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: "நல்ல டயராகப் பார்த்து உடனே வாங்கவும்." கையேந்தி, "போகும் வழி வெள்ளையாகட்டும்" என்று வாழ்த்தி, முகத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தோம்.

தலைவரின் வண்டி விறகுக் கட்டை மேல் நின்றது. பின்சக்கரம் இல்லை. சுவரில் சாய்ந்திருந்தது புருல்சாவின் மொட்டைச் சக்கரம்.

"ஐயோ, என் டயரு! திருட்டு!" என்று அலறினார் தலைவர்.

வாசலில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த எசென் நிமிர்ந்தான். "கெடாய வித்துட்டு இன்னிக்குச் சந்தையில டயர் வாங்குறதா இருந்துச்சுண்ணே. 'என் டயர அவங்க தின்னுட்டாங்க, அவங்க டயர நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லிரு'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

மேலே பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். "கழகச் சொத்து அனுமதியின்றிக் கணவாய் கடந்தது" என்று கண்டனத் தீர்மானம் எழுதச் சொல்லியிருக்கிறார் தலைவர். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கை ஓட மாட்டேன் என்கிறது. எங்கள் கழகத்துக்கு இருபது வயது, வண்டிகள் முப்பத்தொன்று. அத்தனையிலும் இதுவரை ஒரு மனிதப் பிறவிக்கு உதவியது அந்த ஒற்றைச் சக்கரம்தான். அதுவும் எங்களிடமிருந்து தப்பித்துப் போனதால்.