கன்னத்தில் ஒளிந்த குழந்தை இயேசு

அன்புள்ள மைத்துனன் ஃபிடென்சியோவுக்கு,

ஹுவமந்த்லாவிலிருந்து உன் அத்தான் எலிகியோ எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் நலம், என் கடைவாய்ப் பல் நீங்கலாக. மான்டெர்ரேயில் நீ வேலையில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நிற்க, உன் மகள் நயெலியை உடனே வந்து கூட்டிக்கொண்டு போகவும்.

காரணம் சொல்கிறேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வழக்கம்போல வளைய ரொட்டி வாங்கினோம். கொல்லத் தேடிய ஏரோது மன்னன் கண்ணில் படாமல் குழந்தை இயேசுவை ஒளித்துவைத்த நினைவாக ரொட்டிக்குள் விரல்நுனி அளவுப் பொம்மைகளை வைக்கிறார்கள் என்பதும், பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளமாவில் தமால் அவித்துப் போட வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். போன வருஷம் வயிற்றுவலி என்று பாதியில் எழுந்து போனவன் நீ. ஆகவே பெரியவர்கள் எல்லோரும், ஆண்டவர் நம்மிடம் வந்துவிடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் கத்தியைப் பிடித்தோம். என் பல்லில் 'கடக்' என்றது. நான் பொம்மையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தேன்.

உன் மகளோ தீப்பெட்டியில் பஞ்சு பரப்பி, குழந்தை இயேசுவுக்கு மெத்தை தயாராக வைத்திருந்தாள். அவள் துண்டில் ஒன்றுமில்லை. "அத்தை, உங்ககிட்ட வந்தாரா?" என்றாள். "இல்லடி கண்ணு, ரொட்டிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள் உன் அக்கா, தட்டைக் கையால் மூடிக்கொண்டு. "மாமா, உங்ககிட்ட?" நான் "ம்ஹூம்" என்றேன்; வாயைத் திறக்க முடியாத நிலை. அழுதிருந்தால் ஒரு மிட்டாயோடு போயிருக்கும். அவள் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடிவிட்டு, அங்கேயே முட்டி போட்டு, "குழந்தை ஏசுவே, பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருக்கியா? வெளிய வா. இங்க ஏரோது யாரும் இல்ல. எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றாள். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்து தொலைத்தது. பொம்மை பறந்துபோய் உன் அக்காவின் சாக்லேட் கோப்பையில் விழுந்தது.

"அட பாவி மனுசா, ஆண்டவரையா மெல்லப் பாத்தீரு?" என்று பக்கத்து வீட்டு ஹசிந்தா ஆரம்பித்தாள். உன் மகள் விடவில்லை. "மாமாவத் திட்டாதீங்க! ஏரோதுக்குத் தெரியாம பத்திரமா வெச்சிருந்தாரு" என்று என் கன்னத்தில், அதே கன்னத்தில், முத்தம் வேறு கொடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் அக்கா முகம் சிவந்து பாவாடைப் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து வைத்தாள். ஹசிந்தாவின் கைக்குட்டையிலிருந்து இன்னொன்று வந்தது.

அதோடு விட்டாளா? "எங்க வீட்டுக்கு ஏசு மூணு பேரா வந்திருக்காரு, எல்லாரும் சாப்பிட வாங்க, மாமா சமைக்கிறாரு" என்று தெரு முழுக்க அழைத்துவிட்டாள். நான் முகம் கொடுத்துப் பேசாத தச்சன் உர்பானோவையும் அழைத்திருக்கிறாள். அவனும் வருகிறேன் என்கிறான். இனி என்னால் தாங்காது. இரண்டாம் தேதிக்கு முன்பே வந்துவிடு.

தேவமாதா உன்னையும் உன் வேலையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான் எலிகியோ

பி.கு.: முன்பே வர வேண்டாம். இரண்டாம் தேதி சாப்பிட வா. உர்பானோ பெரிய அண்டா தருகிறான். பிள்ளை இங்கேயே இருக்கட்டும். இன்னொன்று, உன் அக்காவிடம் சொல்லிவிடாதே: அன்று எனக்கு இருமலே வரவில்லை.