வெர்லினின் வயலில் இறங்கிய துத்தநாகம்

"துத்தநாகம் அளவுக்கு மேல இருக்காம் லொரெட்டா! நம்ம மக்காச்சோளக் கொல்லையை மூடச் சொல்லிடுவாங்க!"

மண் பரிசோதனைத் தாளை ஆட்டிக்கொண்டே கத்தினார் வெர்லின். ஒஹாயோவில் அந்தப் பக்கத்து விவசாயிகளைப் போலவே அவரும் நகரத்துச் சாக்கடைக் கசடை ஓசி உரமென்று ஏழு வருஷமாக வயலில் கொட்டி வந்தவர்.

"ஓசின்னா உங்களுக்குச் சாக்கடையும் மணக்குமே," என்றாள் மனைவி.

"வாளி அழுக்கா இருந்திருக்கும்," என்று வெர்லின் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மண் அள்ளிய அந்தப் பளபளப்பான தகர வாளியை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தார். அதிலேயே மறுபடி மண்ணை அள்ளிக் கலந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். துத்தநாகம் இரண்டு மடங்கானது.

மூன்றடி ஆழம் தோண்டினார். மழை பிடித்துக்கொண்டதால் ஈரமண் வாளியிலேயே இரண்டு நாள் கிடந்தது. அடிமண்ணில் இன்னும் அதிகம் என்று பதில் வந்தது.

"கீழ இறங்குதுடி! அடுத்தது நம்ம கிணறுதான்!"

"கத்தினா மேல ஏறிடுமா?" என்றாள் லொரெட்டா. ஆனால் அவள் முகமும் வெளுத்துவிட்டது.

அன்றே கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினார்கள். சர்ச் விருந்துக்கு ஐஸ் போட்டு வைப்பதும் அதே வாளிதான் என்பதால், அதை நன்றாகக் கழுவி, அதிலேயே கடைத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து வைத்தாள் லொரெட்டா. மறுநாள் அதைக் குடித்த இருவருக்கும் வாந்தி. தெம்புக்காக வெர்லின் இன்னும் இரண்டு தம்ளர் குடித்தார். அதுவும் வெளியே வந்தது.

"போச்சு! விஷம் முன்னாடியே கிணத்துல இறங்கி, நம்ம உடம்புல ஏறிடுச்சு!"

வெர்லின் அழுதுகொண்டே ஆய்வுக்கூடத்துக்கு போன் செய்தார். அங்கிருந்து ஜாலின் என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து, மண் அள்ளி, கைக்கருவியால் அங்கேயே அளந்தாள். மறுபடி அளந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"வெயில்ல நின்னியேம்மா, முதல்ல இதைக் குடி," என்று லொரெட்டா தகர வாளியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நீட்டினாள்.

ஜாலின் தம்ளரை வாங்கவில்லை. வாளியையே பார்த்தாள்.

"மண்ணு சுத்தமா இருக்கு சார். துத்தநாகம் பூரா இந்த வாளிப் பூச்சுலதான், புளிப்பு பட்டா கரைஞ்சு இறங்கிடும்... ஆமா, நீங்க ரெண்டு பேரும் இதுல எத்தனை தம்ளர் குடிச்சீங்க?"