இருசம்மாள் சொல்லாத பெயர்

பழவேற்காடு கோட்டைத் தெருவிலிருந்து, சுண்ணாம்புக்குளத்தில் கால் முறிந்து படுத்திருக்கும் மகாராஜஸ்ரீ மாணிக்கம் மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் சிங்காரம் அநேக தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை செல்வம்மாளும் கர்த்தர் கிருபையால் சுகம். சுகம் என்று நேற்று மத்தியானத்துக்குப் பிறகுதான் தைரியமாக எழுத முடிகிறது.

உங்கள் மருமகள், எங்கள் மகள் இருசம்மாளுக்குக் கல்யாணம் முடிந்தது. இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன், முடிந்தது. நீங்கள் வர முடியாமல் போனதால் நடந்ததைச் சொல்கிறேன். கோயிலில் ஒல்லாந்துப் பாதிரியார் அவர் பாஷையில் கேட்கக் கேட்க நான் தமிழில் பெயர்த்துச் சொல்கிறேன், மாப்பிள்ளை தருமன் வலை இழுக்கிற குரலில் சம்மதம் என்று சொல்லிவிட்டான், பிறகு பெண்ணைப் பார்த்து, "நீ புருஷனாக ஏற்கும் இவன் பெயரை உன் வாயால் சொல்" என்றார் பாதிரியார். பரிசம் போட்ட நாளிலிருந்து தருமம் என்ற சொல்லைக்கூட விட்டவள் அவள். தருமம் கேட்டுப் பிச்சைக்காரன் வந்தால் "யாரோ வந்துருக்காங்க" என்பாள். அவள் எங்கே சொல்ல! "சொல்லும்மா" என்று கெஞ்சினேன். "நைனா, உசுரே போனாலும் மாட்டேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பெண்ணுக்கு விருப்பமில்லை, தகப்பன் கட்டாயப்படுத்துகிறான் என்று பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார். மறுநாள் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறவர், திரும்பி வர வருஷம் ஆகும். சம்பந்தியம்மாள் இந்திராணி, "இன்னா, ஊமைப் பொண்ணையா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?" என்று எழுந்தே விட்டாள். எனக்கோ மச்சான், இனி என் மகளை எவன் கட்டுவான் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அப்போது செல்வம்மாள் என் விலாவில் கிள்ளி, "போன ஞாயித்துக்கெழம அவரே இன்னா பிரசங்கம் பண்ணாரு? அதச் சொல்லேன்யா!" என்றாள். எபிரேயர் கடவுளுக்குச் சொன்ன பெயர்களைப் பற்றிய பிரசங்கம் அது. ஏலோகிம் என்றால் வல்லமையுள்ளவர், எல்ரோயி என்றால் என்னைக் காண்கிறவர், அது வனாந்தரத்தில் அழுத ஒரு வேலைக்காரி வைத்தது, யேகோவாயீரே என்றால் கர்த்தர் பார்த்துக்கொள்வார், எல்லாவற்றுக்கும் மேலே நாலெழுத்துப் பெயர் ஒன்று, அதை எழுதுவார்களே தவிர வாயால் சொல்லமாட்டார்கள், அந்த இடம் வந்தால் அதோனாய், அதாவது ஆண்டவர், என்று வாசிப்பார்கள், அத்தனை மரியாதை! நான்தானே பெயர்த்தேன்? "ஐயா, எபிரேயர் கர்த்தருக்குச் செய்கிறதை எங்கள் பெண்கள் புருஷனுக்குச் செய்கிறார்கள். அவள் சொல்லாததுதான் சம்மதம்" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் அவனைக் காட்டச் சொல்" என்றார். இருசம்மாள் தலை தூக்காமல் தருமன் பக்கம் விரலை நீட்டி, "அவுருதான்" என்றாள். மூடின புத்தகம் திறந்தது. போன உயிர் திரும்பி வந்தது மச்சான். பிடிக்காமல் எழுந்த சம்பந்தியம்மாள் பந்தியில் மூன்று தரம் மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள்.

யேகோவாயீரே உங்கள் காலையும் பார்த்துக்கொள்வாராக. நம் பெண்களைப்போல மரியாதை தெரிந்தவர்கள் எபிரேய தேசத்துக்கு இந்தப் பக்கம் கிடையாது. இதை ஊராருக்கெல்லாம் வாசித்துக் காட்டவும்.

இப்படிக்கு, பெண்ணைக் கரையேற்றிய
சிங்காரம்

பின்குறிப்பு: வாசித்துக் காட்ட வேண்டாம். ஓலையைக் கட்டும்போது கரையில் ஒரே கூச்சல். முகத்துவாரத்தில் காற்று திரும்பி அலை எழும்ப, தருமன் அதைப் பாராமல் கட்டுமரத்தைக் கடலுக்கு விட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் ஏய் ஏய் என்று கத்தினோம். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தான். இருசம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, "தருமா! டேய் தருமா!" என்று கூவினாள். மரம் திரும்பியது. கப்பலுக்குக் காத்திருந்த பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். "பயப்படாதே. நமக்குக் கூப்பிடுவதற்கென்றே கர்த்தர் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். இயேசு என்றால் இரட்சிக்கிறவர். அடுத்த பிரசங்கம் அதுதான்" என்றார். தருமன் சொட்டச் சொட்டக் கரையேறி அவள் முன்னால் நின்று, "இன்னொரு தபா கூப்புடு" என்றான். என்ன சொல்கிறான் என்று பாதிரியார் கேட்டார். அதை மட்டும் நான் பெயர்த்துச் சொல்லவில்லை.