வீடு இன்னும் கோடைக்குத் தயாராகவில்லை, தாங்கள் வர வேண்டாம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தங்கள் கொழுந்தியாளும் நலம். அங்கே தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். உடம்பு சரியில்லாத நேரத்தில் படிக்கத் தகுந்த கடிதம் அல்ல இது. அப்படியிருந்தால் மடித்து வைத்துவிட்டு, தேறிய பிறகு எடுத்துப் படிக்கவும்.

அடுத்த வாரம் கிளம்பி வந்து கோடை முடியும்வரை எங்களோடு தங்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதனால் சொல்லாமலே விட்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வர வேண்டாம். குளிர்காலத்தில் வாருங்கள். மழைக்காலத்தில் வந்தாலும் பாதகமில்லை. இப்போது மட்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அண்ணி தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் குடித்தனம் எப்படி நடந்தது என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த சாமான்களை வாங்கி வைக்கும் அறையில் பகல் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ் வேலை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்பேன். "குடையை எடுத்துட்டுப் போங்க, மூட்டமா இருக்கு" என்பாள். எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி வாசற்படியில்தான் கழிந்தது. இப்போது இருவரும் ஓய்வு பெற்று, தோட்டம் வைத்த இந்தச் சின்ன வீட்டுக்கு மழைக்காலத்தில் குடிவந்த பிறகுதான், ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருந்து பழகுகிறோம். எனக்குப் பிரச்சினை இல்லை. அவளுக்குத்தான் தூக்கம் வருவதில்லை. இரவெல்லாம் வார்டு மணி அடிக்குமோ என்று காது காத்திருக்கிறதாம். நான் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், போர்வையைச் சரி செய்கிறாள், நாடி பிடிக்கிறாள். ஒருநாள் கண்ணைத் திறந்து, "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நார்மலா இருக்கு, தூங்குங்க" என்றாள்.

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தா போதும், மத்ததெல்லாம் தானா சரியாயிடும்" என்பது அவள் கணக்கு. அதற்கு வசதியான அறை பின்னால் இருக்கிறது. ஆனால் அது மேற்கு பார்த்த அறை. வெயில் ஏற ஏற அது அடுப்பாகிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில்தான் தாங்கள் தொலைபேசியில் அழைத்து, இத்தனை பெரிய என்ஜினீயராக இருந்தவர் என்ற முறையில், வீட்டையும் தோட்டத்தையும் கோடைக்குத் தயார் செய்வது எப்படி என்று எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். அந்த நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. யோசனைகளைத்தான் சொல்கிறேன்.

முதலில் கூரை. "வெள்ளை அடிச்சுடு, வீடு கம்பளியைக் கழட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றீர்கள். பெயின்டர் வந்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் நின்று வானத்தைப் பார்க்கிற மனிதர். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர் மாடிப்படிக் கதவருகே ஆரம்பித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து அடித்துக்கொண்டே போய், எதிர் மூலையில் சுவரில் முதுகு இடித்ததும் நின்றார். "சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று குரல் கேட்டது. "நீங்களே இறங்கி வாங்களேன்" என்றேன். "எப்படி வர்றது? சுத்தி ஈரம்" என்றார். அன்று காயும்வரை அவர் அங்கேயே குடியிருந்தார். ஒட்டடைக் கம்பின் நுனியில் ஃபிளாஸ்க்கைக் கட்டிக் கீழேயிருந்து நீட்டித் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். நல்ல குரல், தாலாட்டு போல ஒரு பாட்டு. நேர் கீழே பின்னறையில் இவள் படுத்திருக்கிறாள். அப்பாடா, காரியம் கைகூடிவிட்டது என்று விரலூன்றி நடந்துபோய் எட்டிப் பார்த்தால், கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கண்ணு சொக்கத்தான் செஞ்சுது. ஆனா அவருக்குக் கடைசி வரி மறந்துபோச்சு போல. திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து பாடறார். இந்தத் தடவையாவது வருமா வருமான்னு காத்துக்கிட்டே முழிச்சிருக்கேன்" என்றாள்.

கூரை காய்ந்த பிறகு வேறு வினை. எதிர்வீட்டு மாடியில் ஒரு பல் டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்தார். "சார், உங்க கூரை வெளிச்சம் என் பேஷன்ட் வாய்க்குள்ள அருமையா விழுது. கடைவாய்ப் பல்லெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ஆனா எனக்குக் கண்ணு கூசி, மூடிக்கிட்டுப் பிடுங்க வேண்டியிருக்கு" என்றார். அன்று மாலை எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து கூரையில் இறங்கியது. வெள்ளைப் பரப்பைக் குளம் என்று நினைத்துவிட்டது போலும். வெள்ளைக்குள் வெள்ளையாக நின்றதால் அலகும் காலும் மட்டும் தனியாக மிதப்பது போல் தெரிந்தது. ஒற்றைக் காலைத் தூக்கி, மீனுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. நாங்கள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பாவம், யாராவது அதுகிட்ட சொல்லலாமில்ல" என்றாள். யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்திருந்ததில் சமையலறை அடுப்பை அணைக்கக்கூட மறந்துபோனேன்.

அடுத்து ஜன்னல். மூங்கில் திரை போடு என்றீர்கள், போட்டேன். அறை பச்சைத் தண்ணீருக்குள் இருப்பது போல மங்கலாகி, பார்க்கவே சொப்பனம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்தத் திரைக்கு ஒரு குணம். யாராவது கண்ணை மூடினால் அதற்குப் பொறுக்காது. கர்ர்ரென்று தானாகச் சுருண்டு மேலே ஏறி, வெயிலை முகத்தில் கொட்டிவிடும். முதல் முறை ஏறியபோது இவள் துள்ளி எழுந்து, "எந்தப் பெட்?" என்று கேட்டாள்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். செடிகளின் காலடியில் காய்ந்த இலையைப் பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும் என்றீர்கள். ஒரு காலைப்பொழுது முழுவதும் கூட்டி அள்ளி, வெள்ளரிக்கும் செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் மெத்தை போலப் பரப்பிவிட்டு, திருப்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன், நின்றபடியே கொஞ்சம் அசந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணைத் திறந்தபோது ஓர் இலைகூட அங்கே இல்லை, மத்தியானக் காற்று மொத்தத்தையும் அள்ளிக்கொண்டுபோய், திரை ஏறியிருந்த ஜன்னல் வழியாகப் பின்னறையில் கொட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கழுத்துவரை இலை மூடிப் படுத்திருக்கிறாள். "உங்க அத்தான் யோசனை நல்ல யோசனைங்க. குளிர்ச்சியாத்தான் இருக்கு. தூக்கம்தான் வரல" என்றாள். தாங்கள் எனக்கு எங்கே அத்தான், அவளுக்குத்தானே அத்தான். கோபம் வந்தால் இவள் சொந்தக்காரர்களை எனக்குத் தள்ளிவிடுவது வழக்கம்.

பிளம்பர் கதையை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகக் குழாய் பதிக்கச் சொன்னேன். மனிதர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை, ஆனால் எந்தக் குழாயை எதோடு இணைத்தாரோ, இப்போது சமையலறையில் தட்டு கழுவினால் தோட்டத்தில் மழை பெய்கிறது. தோட்டக் குழாயைத் திறந்தால் ஒன்றும் நடப்பதில்லை. குளியலறையில் யாரோ பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் மட்டும் வருகிறது. நேற்றுப் பல் டாக்டர் கூரை விஷயமாக மறுபடியும் வந்து, கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்த அதே நொடியில் இவள் டம்ளரைக் கழுவினாள். நனைந்தபடியே நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நான் அப்புறமா வர்றேன்" என்று போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதுதான் வீட்டின் நிலைமை. இதையெல்லாம் பார்த்துத் தாங்கள் சிரிப்பீர்கள், அதுபற்றிக் கவலையில்லை. இன்று காலை இவள் வெள்ளரிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா வந்தா என் கண்ணைப் பாத்ததுமே கண்டுபிடிச்சுடுவா. அப்புறம் அவளும் தூங்க மாட்டா. எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்களேன்." எதையாவது சொல்ல எனக்கு வராது என்பதால் உள்ளதையே எழுதிவிட்டேன். அண்ணியிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படித் தாங்களே சொல்லிக்கொள்ளவும். அக்காளும் தங்கையும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கிடைத்த கோடை இது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளை இப்படி விழித்த கண்ணோடு யாருக்கும் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இனி யோசனை எதுவும் சொல்ல வேண்டாம் என்பதையும் வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணிக்கு எங்கள் இருவரின் அன்பும் வணக்கமும். தங்கள் தொட்டியில் தண்ணீரும், தங்கள் வாசலில் நிழலும், தங்கள் இமைகளில் தூக்கமும் என்றும் வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் யோசனைகளை எல்லாம் நிறைவேற்றிய
இளைய சகலை

பி.கு.: இங்கிருந்து எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கடிதத்தை வைத்து எழுதுகிறேன்.

தபாலில் போடலாம் என்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக் கிளம்பினேன். தோட்டத்தில் இவள், தாங்கள் சொன்ன யோசனைகளில் கடைசியான பச்சை நிழல்வலையைத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று முனை கட்டியாயிற்று. நாலாவது முனைக்கு நட்ட கம்பு ஈர மண்ணில் சாய்ந்துவிட்டது. "விழுது விழுது, பிடிங்க" என்றாள். பிடித்தேன். "அப்படியே இருங்க, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று நாற்காலியை நிழலுக்குள் இழுத்துப் போட்டுச் சாய்ந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பட்டப்பகலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, அந்த ஆபீஸ்ல நாள்பூரா என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதுமில்லை, வாசற்படியில் சொல்லக் கூடிய விஷயமுமில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். குடைகளைக் கறுப்பு தனி, கலர் தனி என்று அடுக்குவேன். கோடை வந்தால் குடை தேடி ஒருவரும் வர மாட்டார்கள், அலமாரியில் அவை பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கையுறைகளுக்கு ஒரு பெட்டி. ஒருவர் பல்செட்டைத் தேடி வந்து, வேறொருவருடையதைப் போட்டுப் பார்த்து, இதுவே பரவாயில்லை என்று எடுத்துப் போனார். சாயங்காலம் கடைசி வண்டி போனதும் அறையில் எல்லாச் சாமானும் மூச்சு விடுவது போல இருக்கும். சொல்லிக்கொண்டே போனேன். ஒற்றைச் செருப்புகளுக்கு வந்தபோது, "உம்" கொட்டும் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கை மடியிலிருந்து நழுவித் தொங்குகிறது. தன் கதையைக் கேட்டு ஒருவர் தூங்கிப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கயிற்றை விட்டால் வலை சரியும், வெயில் அவள் முகத்தில் விழும். அதனால் விடவில்லை. குழாயைச் சரி செய்ய வந்த பிளம்பரை, உதட்டில் விரல் வைக்கக் கை இல்லாததால், கண்ணாலேயே கெஞ்சி, வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். பல் டாக்டர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறார், அந்த ஆள்கூடக் கத்தவில்லை. நிழல் நகர்ந்துகொண்டே போகிறது, அதற்கேற்ப நானும் அங்குலம் அங்குலமாக நகர்கிறேன்.

ஆகையால், மேலே எழுதியதையெல்லாம் தாங்களே மனதில் அடித்துவிடவும். நான் அடிக்கவில்லை, காகிதம் சரசரக்கும். உடனே கிளம்பி வாருங்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு. அழைப்பு மணியை அழுத்த வேண்டாம். கேட்டைத் தூக்கித் திறந்தால் கிரீச்சிடாது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, அண்ணியை அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வாருங்கள்.

தோள் வலிக்கிறது. கயிற்றைக் கை மாற்றிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.