சாம்பிள் பாய்க்கு நடுப்பக்கம் போதும்

போடியில் கதை எழுதுகிறவர், படம் வரைகிறவர், செல்போனை வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, ஒரு தடவையாவது சாம்பிள் பாய் கடைத் தரையில் குனிந்து தன் படைப்பைத் தானே பொறுக்கியிருப்பார். பொறுக்காதவர் இன்னும் கலைஞரே ஆகவில்லை என்று துணிந்து சொல்வேன்.

பாய் ஏலக்காய் வியாபாரி. ஏலக்கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அங்கே வியாபாரிகள் கையில் சாம்பிள் காயைக் கொடுப்பார்கள். தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, நசுக்கி முகர்ந்துவிட்டு அப்படியே தரையில் போட்டுவிடுவார்கள். நல்ல காயோ சொத்தைக் காயோ, பார்த்து முடித்தால் தரைக்குத்தான். இது முதல் பழக்கம். இரண்டாவது, மூட்டையின் மேல்காயை பாய் நம்பவே மாட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு நடுவிலிருந்துதான் அள்ளுவார்.

"மேல கெடக்குறத எல்லாருந்தான் நல்லதாப் போட்டிருப்பாய்ங்க. நடுவுல என்ன இருக்குன்னு பாக்கணும் மாப்ளே."

இந்த இரண்டையும் அவர் ஏலக்கூடத்தோடு விட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றுமில்லை. பிரியாணி அண்டாவா, நடுவில்தான் கரண்டி போடுவார். கல்யாண ஆல்பமா, நடுவில்தான் விரிப்பார். அப்படி விரித்து, "மாப்பிள்ள ஏன் இப்பிடி முழிக்கிறாரு?" என்று கேட்டு, ஒரு சம்பந்தி வீட்டில் டீயே வராமல் செய்த பெருமை அவருக்கு உண்டு.

அவர் கடைக்கு அடுத்தது என் மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ளே. வயசு என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். படிக்க வேண்டி வந்தால் நேராக என் ஷோகேசுக்கு வந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். கண்ணாடியிலும் பவர் கிடையாது.

"எதுக்கு மாமா இது?"

"மாட்டுனா ஒரு கவனம் வருதுல்ல."

எங்கள் தெருவில் குறும்படம் எடுக்கிற நண்பர் ஒருவர் தன் படத்தைப் போனில் காட்டினார். பாய் விரலால் தள்ளி நடுவுக்குப் போய்விட்டார். கதாநாயகன் ரயில்வே ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்தான். பின்னால் ஒரு நாய் குறுக்கே போனது.

"அந்த நாய் யாரோடது?"

"அது தானா வந்துருச்சு பாய்."

"தானா வந்துச்சா! பெறகு எங்க போச்சு?"

பார்த்து முடித்த கையோடு பாய் போனைத் தரையில் போட்டார். மறுநாள் அவரே புது ஸ்கிரீன் மாட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "நாய் என்னாச்சு, தெரிஞ்சுதா?" என்றார். நண்பரின் அடுத்த படம் முழுக்க அந்த நாய்தான். அழுத கதாநாயகன் ஒரு ஓரத்தில் பிஸ்கட் போடுகிறவனாக வருகிறான். படம் அருமையாக வந்திருந்தது. ஆனால் பாய் அதைச் சொல்லவில்லை. 'நல்லாருக்கு' என்றோ 'நல்லால்ல' என்றோ அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை. கேள்வி மட்டும்தான் கேட்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். வருஷக்கணக்காக நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். போடிமெட்டு எஸ்டேட்டுக்கு ஜீப்பில் காய் பறிக்கப் போகும் செல்வியின் காதல். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. நடை அழகு, உயிர்தான் இல்லை என்றார்கள். பிரேம் நல்லாருக்கு, கண்ணுதான் தெரியலை என்று ஒரு கஸ்டமர் என்னிடம் சொன்னால் எப்படி இருக்கும்? மனசு விட்டுப் போய்விட்டது. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, இனிமேல் எழுதுவதே இல்லை என்று கயிறு கட்டி மேசைமேல் வைத்திருந்தேன். அப்போது பாய் கண்ணாடி எடுக்க வந்தார்.

"என்ன மாப்ளே மூட்ட?"

"நாவலு மாமா. எடைக்குப் போடப்போறேன்."

"சாம்பிள் பாக்காமயா?"

கயிற்றை அவிழ்க்காமலே நடுவில் விரலை விட்டு ஒரு தாளை உருவினார். வாசித்தார். தரையில் போட்டார். நான் பொறுக்கினேன்.

"இந்தப் புள்ள செல்வி ஜீப்புல நின்னுக்கிட்டே போகுது. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சிருக்கு. சரி, அதோட தூக்குவாளி எங்க?"

அத்தனை பக்கத்தில் செல்வி ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரியலயே மாமா."

"எனக்குந்தான் தெரியல. இத்தன வருசமா காய் வாங்குறேன், பறிக்கிறவுக சோறு எங்க இருக்குன்னு பாத்ததில்ல. காலையில வெரசா கிளம்பு. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

அன்று சாயங்காலம் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டது என் கெட்ட நேரம்.

"மாப்ளே, செல்வி நெனப்பாவே இருக்குய்யா. பாவம், சாப்பிடாம நிக்கிது. காலையில மலைக்குப் போறமா இல்லையா?"

என் மனைவி தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். நாவல் என்றேன், கற்பனை என்றேன். அன்றைக்குச் செல்வியோடு சேர்ந்து நானும் பட்டினி.

காலையில் பாய் காரை வீட்டில் விட்டுவிட்டு, எஸ்டேட்டுக்குப் போகிறவர்களின் ஜீப்பில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பாய்க்கு இருவர் இடத்தை அடைக்கிற உடம்பு. வெளியாட்கள் என்று எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்ததுதான் தாமதம், நின்றுகொண்டிருந்த பெண்கள் ஆளாளுக்குத் தூக்குவாளியை எங்கள் மடியில் இறக்கினார்கள்.

"ஆத்தா, இத எதுக்கு எங்கிட்ட குடுக்குற?" என்றார் பாய்.

"நிக்கிறவுக சோறு உக்காந்திருக்கவுக மடியிலதான இருக்கும்? பெறகு கம்பிய எப்பிடிப் பிடிக்கிறதாம்?"

பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் கிடைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். இது யாரோடது, உள்ளே என்ன குழம்பு, எத்தனை மணிக்கு எழுந்து வைத்தாய் என்று வளைவுக்கு வளைவு கேள்வி.

"அண்ணே, வாய் பேசுனது போதும், வாளியப் பாத்துப் பிடிங்க" என்று ஒரு பெண் அதட்டினார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் விழுந்தது. பாய் தன்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாளிகளைக் கட்டிக்கொண்டார். ஒரு வாளியும் கீழே விழவில்லை. வெள்ளைச் சட்டையில் கருவாட்டுக் குழம்பு மட்டும் கொஞ்சம் இறங்கியது. அதே சட்டையோடு அன்று ஏலத்துக்குப் போனார். பக்கத்து வியாபாரிகள் எந்தச் சாம்பிளை முகர்ந்தாலும் கருவாடு மணந்ததாகக் கேள்வி.

எஸ்டேட் வாசலில் அவசரமாக இறங்கிய ஒரு பெண் தன் வாளியை என் மடியிலேயே விட்டுவிட்டார். மூடுபனியில் ஆளே தெரியவில்லை. "அக்கா, சோறு! சோறு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் கதாநாயகனை அதே மூடுபனியில் நிறுத்திக் கவிதை சொல்ல வைத்திருந்தேன். அவன் ஓட வேண்டியவன், கையில் தூக்குவாளியோடு ஓட வேண்டியவன் என்று மூச்சு வாங்க நிற்கும்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தேன். முதலிலிருந்து எழுதினேன். பாய் தினமும் வருவார். பவரில்லாத கண்ணாடியை மாட்டி, நடுவில் ஒரு தாளை உருவி, ஒரு கேள்வி கேட்டு, தரையில் போட்டுவிட்டுப் போவார். எழுத ஓடாத நாட்களில் உருவுவதற்குத் தாளே இருக்காது. அப்போதும் வந்து, டீ சொல்லிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார்.

திருப்பி அனுப்பியவர்களில் ஒருவரே கடைசியில் நாவலை வாங்கிக்கொண்டார். முதல் பிரதி வந்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். இன்றைக்காவது 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு ஆசை. அவருக்கென்றே நான் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த பவரில்லாத கண்ணாடியை பாய் எடுத்து மாட்டினார். நடுவில் விரித்தார். கதாநாயகன் வாளியோடு ஓடுகிற பக்கம்தான் வந்தது. வாசித்து முடித்தார். பழக்கதோஷம், நான் பொறுக்குவதற்குக் குனிந்துவிட்டேன்.

எதுவும் விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்து, அந்த வளைவில் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்திருந்தார். யாரோ ஏலக்காய்ச் சாம்பிளை நீட்டினார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்றார். வாங்க அவருக்குக் கை இல்லை.

இத்தனை நாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் சோறு அவர் மடியில்தான் இருந்திருக்கிறது.