ஐம்பது பேரின் அதிருப்தி

மேனேஜர் ஆகாமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டார் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். அதற்கு மனிதவள மேலாண்மையில் எம்.ஏ. வேண்டும் என்றார்கள். மறுநாளே தபால்வழியில் சேர்ந்தார். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். உள்ளேயிருந்து குறட்டை கேட்கும். "மனப்பாடம் பண்றார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்தாள் மனைவி. பரீட்சைகளையும் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டார்.

மிச்சம் ஆய்வறிக்கை ஒன்றுதான். மேலதிகாரியைப் பற்றி ஐம்பது தொழிலாளர்களிடம் படிவம் கொடுத்து, அவர்கள் திருப்தியை அளக்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு மேலதிகாரி இவரேதான். ஐம்பது பேர் கையிலும் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. நேரே சமையலறைக்குப் போனார்.

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல?"

"என்ன வேணும்? நேரா சொல்லுங்க."

"இந்த அம்பது படிவத்தையும் நீயே நிரப்பிடேன். அம்பது பேர் எழுதின மாதிரி."

"உங்க ஃபேக்டரி வாசலைக்கூட நான் மிதிச்சதில்லையே!"

"கேள்வியெல்லாம் மேலதிகாரியைப் பத்திதான். என்னை உனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஆனா உண்மையைத்தான் எழுதுவேன்."

"தாராளமா எழுது! அப்படியே முடிவுரையும் எழுதிடு."

தன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் நாலு கலர் பேனாவோடு உட்கார்ந்து, கையை மாற்றி மாற்றி எழுதி முடித்தாள். அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பைண்டு போட்டுக் கொடுத்துவிட்டார்.

பத்தே நாளில் வழிகாட்டிப் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"இவ்வளவு நேர்மையான ஆய்வை நான் பார்த்ததே இல்லை. அம்பது பேரும் அதிருப்தி! உட்கார்ந்த இடத்துலேருந்து தண்ணி கேக்கிறாராம். கூப்பிட்டா காது கேக்காதாம். ஈரத் துண்டை நாற்காலியில போடுறாராம். ஃபேக்டரியில துண்டு எதுக்குங்க?"

"அங்க... கொஞ்சம் சூடு ஜாஸ்தி மேடம்."

"யாரு அந்த ஆளு?"

"நான்தான் மேடம்."

"அடடா! தன் குறையைத் தானே வெளியில சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும். நீங்க முடிவுரையில எழுதின மாதிரியே, மூணு மாசம் அவங்க வேலையில பாதியை நீங்க செய்யுங்க. அப்புறம் அதே அம்பது பேர்கிட்ட மறுபடி படிவம் வாங்கிட்டு வாங்க. திருப்தி தெரிஞ்சாத்தான் கையெழுத்து."

உள்ளதைச் சொன்னால் பட்டம் போய்விடும். பட்டம் போனால் மேனேஜர் நாற்காலியும் போய்விடும். மென்று விழுங்கிக்கொண்டு வீடு வந்தார்.

"இப்படிக் கவுத்துட்டியே!"

"உண்மையைத்தான் எழுதுவேன்னு அப்பவே சொன்னேன்ல?"

"சரி, போனது போகட்டும். இப்ப எல்லாத்துலயும் 'மிகவும் திருப்தி'ன்னு போட்டுடு."

"ஆராய்ச்சியில பொய் சொல்லக் கூடாதுங்க" என்று பாத்திரம் தேய்க்கும் நாரை நீட்டினாள்.

மூன்று மாதம் பாத்திரம் தேய்த்தார். துணி காயப்போட்டார், மடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டடை அடித்தார். மனுஷன் பாதியாக இளைத்துப் போனார், பாவம். கடைசி நாள் படிவக் கட்டை மனைவி முன்னால் பயபக்தியோடு வைத்தார். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு படிவத்தை உருவி, 'ஓரளவு திருப்தி' என்று குறி போட்டாள்.

"மீதி நாப்பத்தொம்பது பேர்?"

"அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணுமாம்."